ஆள் குடிக்கும் சத்தம்

பாட்டுக் கேட்பதற்கென்று ஒதுக்கிய அறையில் எதிரொலி பெருந்தொல்லையாக இருந்தது. சுவரில் எந்தப் பலகை பதிக்கலாம் என்று அளந்து சொல்ல ஒரு பெண் வந்திருந்தாள்.

“கொஞ்சம் வெளிய நில்லுங்க சார். மனுஷ உடம்பும் சத்தத்தக் குடிக்கும். முதல்ல காலி ரூம அளக்கணும்.”

வீட்டுக்காரரான ஓய்வுபெற்ற டிரைவர் வெளியே போனார். மனைவி பின்னால் வருவதைப் பாராமல், கதவை விட்டுவிட்டு விறுவிறுவென்று முன்னே நடந்தே பழகிய மனிதர் அவர். திரும்பி வந்து மோதும் கதவைத் தடுத்தபடி, “என் மூக்கு என்ன இரும்பா?” என்பாள். அவள் போய்ச் சேர்ந்து ஒரு வருடம் ஆகிறது.

காலி அறையின் கணக்குச் சரியாக வந்தது. அவரை உள்ளே கூப்பிட்டு மறுபடி அளந்தவள், கருவியைத் தட்டிப் பார்த்தாள்.

“ரெண்டு ஆள் குடிக்கிற அளவு காட்டுது.”

“உன்னையும் சேத்தாம்மா?”

“என்னைக் கழிச்சுட்டுத்தான் சார் சொல்றேன்.”

மீண்டும் வெளியே அனுப்பினாள், அறை காலியானது. உள்ளே கூப்பிட்டாள், இரண்டு ஆள்.

“மெஷின்ல ஏதோ கோளாறு சார். விடுங்க.”

“இருக்கட்டும்மா. இன்னொரு வாட்டி போய்ட்டு வரேன்.”

போனார், வந்தார். இந்த முறை உள்ளே வந்த பிறகும் கதவை விடவில்லை. பின்னால் ஓர் ஆள் நிதானமாக நுழைகிற நேரம்வரை பிடித்துக்கொண்டே நின்றார்.