வளைவுச் சோதனை

மிசிசிப்பி ஆற்றங்கரையின் புதிய கப்பல் பட்டறையில் வெல்டர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள். தண்டவாளத்துக்கு அப்பாலுள்ள கறுப்பர் தெருவிலிருந்து முதன்முதலாக வந்திருப்பவள் வெர்லீன். வீட்டில் டிராக்டர் கலப்பைக்கு வெல்டு வைக்கும் பழக்கத்தில், சோதனைக்காக வெல்டு வைத்த தகட்டையும் சூட்டோடு வாளித் தண்ணீரில் முக்கிவிட்டாள். அப்படிச் சட்டென்று ஆறினால் இரும்பு எளிதில் விரிசல் விடும். "முட்டையா அக்கா அவிச்ச, தண்ணியில போட?" கூட வந்த தம்பி டைரீ பல்லைக் கடிக்கிறான். மேற்பார்வையாளர் ஹாலிஸ் தகட்டை வளைத்துப் பார்க்க அழுத்து இயந்திரத்தில் வைக்கிறார். கூரை இடுக்கு வழியே வெயில் தகட்டின் முதுகில் விழுகிறது. இரும்பு முனகி வளைகிறது. டிக். வெல்டு வைத்த இடத்தில் மயிரிழை விரிசல். "அவ்வளவுதாம்மா, கெளம்பு," என்கிறார் ஹாலிஸ். "டவுன் வெள்ளக்காரப் பசங்களுக்கு மட்டும் ரெண்டாவது தகடு குடுத்தீங்களே சார்?" டைரீயின் குரல் எகிறுகிறது. ஹாலிஸ் அடுத்த பெயரைக் கூப்பிடுகிறார். வெர்லீன் நகரவில்லை. கையுறையைக் கழற்றாமல், இன்னொரு தகட்டுக்குக் கையை நீட்டியபடி நிற்கிறாள். கூப்பிட்ட ஆளும் முன்னே வராமல், அவளுக்குப் பின்னால் வரிசை அசையாமல் நிற்கிறது.