தலையைத் தூக்கும் வரை

மருதப்பர் சுனைக்கு எதிரே, ஈச்சம்புதருக்குள் மத்தியானமே வந்து படுத்துவிட்டார். நாளை மகளின் மறுவீட்டு விருந்து. சம்பந்தியின் இலையில் வேட்டைக்கறி விழாமல் அவர் வீட்டில் ஒரு மறுவீடும் நடந்ததில்லை. வெயில் தாழ்ந்தபோது ஒரு கலைமான் பாறை வழியாக இறங்கி வந்து சுனையில் வாய் வைத்தது. துப்பாக்கி அவர் தோளுக்கு ஏறியது.

“சுடுங்க அத்தான்,” என்றான் பக்கத்தில் படுத்திருந்த மைத்துனன் சிங்கத்துரை, மூச்சுக்குள்ளேயே.

“தண்ணி குடிக்கிறதச் சுடுற குடும்பமாடா இது? தலையத் தூக்கட்டும்.”

மான் தலையைத் தூக்கவில்லை. குடித்தது, குடித்துக்கொண்டே இருந்தது. சுனையில் மிதந்த மேகம் சுருங்கியது. பாறையில் ஈரக்கோடு ஒரு சாண் இறங்கியது, பிறகு ஒரு முழம். அடியில் கிடந்த கூழாங்கற்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. எறும்பு ஒன்று மருதப்பரின் மீசையில் ஏறி இறங்கிப் போயிற்று. அவர் அசையவில்லை.

“நாளைக்குச் சம்பந்திக்குக் கடைக்கறிதான். ஊரே சிரிக்கப்போகுது.”

“வாய மூடு.”

கடைசி மடக்கும் தீர்ந்து சுனை வெறும் பாறையாயிற்று. மான் நிதானமாகத் தலையைத் தூக்கி அவரை நேராகப் பார்த்தது. அதன் உதட்டு நுனியில் ஒரு சொட்டு நீர், அந்தி வெயில் முழுவதையும் வாங்கிக்கொண்டு தொங்கியது.

“தூக்கிடுச்சு அத்தான்! இப்பவாவது சுடுங்க!”

மருதப்பரின் விரல் விசைமேல்தான் இருந்தது.

“பொறுடா,” என்றார். “வாயில இன்னும் தண்ணி இருக்கு.”