சொராக்கு இறந்த எபிசோட்

சென்னையில் நடந்த அனிமே என்னும் ஜப்பானிய கார்ட்டூன் தொடர்களின் ரசிகர் மாநாட்டுக்கு ஷாஹினா, தனக்குப் பிடித்த தொடரின் நாயகன் சொராக்குவைப் போலவே நீல அங்கி அணிந்து போயிருந்தாள். அங்கே அவன் படத்துக்கு முன்னால் ரசிகர்கள் வரிசையில் வந்து பூ வைத்துக்கொண்டிருந்தார்கள்.

"எதுக்குப் பூ?" என்று பக்கத்தில் நின்ற கல்லூரிப் பெண்ணிடம் கேட்டாள்.

"பதினோராவது எபிசோட் பாக்கலயாக்கா? சொராக்கு செத்துட்டானே!"

ஷாஹினா அதை வெளியான அன்றே பார்த்திருந்தாள். அவளுடைய திரையில் சொராக்கு படகில் உட்கார்ந்து நூடுல்ஸ் சாப்பிட்டான். இப்போதெல்லாம் பார்ப்பவரின் மனநிலைக்கு ஏற்பத் தொடர்கள் காட்சிகளை மாற்றிக்கொள்கின்றன. ஆறு மாதங்களுக்கு முன் தம்பி இர்ஃபான் விபத்தில் போனான். அதன்பின் தான் பார்த்த எதிலும் ஒருவர்கூடச் சாகவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"உன் போன்ல வந்தத எனக்குக் காட்டுறியா?"

இருவரும் சுவரோரம் தரையில் உட்கார்ந்தார்கள். அந்தப் பெண்ணின் போனில் சொராக்கு மெல்லக் கண் மூடினான். தம்பியை அடக்கம் செய்த அன்றுகூட அழாத ஷாஹினா, அத்தனை கூட்டத்துக்கு நடுவில் விம்மி விம்மி அழுதாள்.

அந்தப் பெண் பயந்துவிட்டாள். "நிறுத்திடவாக்கா?"

"வேணாம்மா. ஓடட்டும்."