திரும்பி வர இருவர்

சர்வதேச ஓட்டுநர் அனுமதிக்கான விண்ணப்பத்தை வட்டாரப் போக்குவரத்து ஆய்வாளர் மூன்றாவது முறையாகத் துளசிமணி பக்கம் தள்ளினார்.

"வூட்டுக்காரரு கையெழுத்து இல்லீங்களே."

"அவரு போய்ச் சேந்து ஒம்பது வருசமாச்சுங்க."

"அப்படின்னா மவன் போடட்டும்."

துளசிமணி படிவத்தைப் புரட்டினாள். முன்பக்கம். பின்பக்கம்.

"எந்த எடத்துல கேட்டிருக்குதுங்க? காட்டுங்க."

அவர் காட்டவில்லை. காட்ட இடமில்லை.

முதல் நாள் மருத்துவச் சான்றிதழ் பழசு என்றார். புதிது வாங்கி வந்தாள். அடுத்த முறை புகைப்படத்தில் காது தெரியவில்லை என்றார். முடியை ஒதுக்கிக்கொண்டு மறுபடி எடுத்தாள். இன்றைக்கு ஓர் ஆண்பிள்ளைக் கையெழுத்து.

கணவன் விட்டுப்போன சரக்கு வண்டியை ஒன்பது வருடமாக அவள்தான் ஓட்டுகிறாள். பலாவும் மிளகும் ஏற்றிக்கொண்டு, மலையின் கொண்டை ஊசி வளைவுகளில், அடைமழையிலும்.

வண்டியில் ஒரு கீறல் இல்லை.

"ஆஸ்திரேலியாவுல போயி நீங்க எதுக்குங்கம்மா ஓட்டோணும்? அதான் மவளும் மருமவனும் அங்க இருக்காங்கன்னு சொன்னீங்கல்ல. அவரு கூட்டிட்டுப் போவாரு."

வரிசையில் யாரோ சிரித்தார்கள்.



மருமகன்.

கார் சாவி அவன் பையில். வீட்டுச் சாவியும். அங்கே பக்கத்து வீடு ஐந்து கிலோமீட்டர் தள்ளி. அவன் குளிக்கும் நேரத்தில்தான் மகள் போனில் பேசுவாள். நாலே வார்த்தை. அதுவும் கிசுகிசுப்பாக.

துளசிமணி எழுந்து நின்றாள்.

"எம்பட லைசென்சு எம்பட பேர்ல இருக்குதுங்க. ரூல்ல இல்லாததக் கேட்டா எழுத்துல குடுங்க. வாங்காம நான் இங்கிருந்து நகரமாட்டன்."

சிரிப்பு நின்றது.

அவர் எழுதித் தரவில்லை. முகத்தைச் சுளித்துக்கொண்டு தாள்களை முதலிலிருந்து பார்க்கத் தொடங்கினார். பாஸ்போர்ட். விசா. விமானச் சீட்டு.

அங்கே விரல் நின்றது.

போக ஒருவர். திரும்பி வர இருவர்.

துளசிமணி. கயல்விழி.

"இந்தக் கயல்விழிங்கறது..."

"எம்புள்ளைங்க."

அவர் சீட்டை மறுபடி பார்த்தார். மூன்றாவது பெயர் இல்லை.

நிமிர்ந்தார். அவள் கண்ணை எடுக்கவில்லை.

"உக்காருங்கம்மா" என்றார் ஆய்வாளர், முத்திரையைத் தேடியபடி.