உரியாத தோல்

நர்ஸ் கட்டைப் பிரிக்கத் தொடங்குவதற்குள் அவள் மூன்று தடவை கேட்டுவிட்டாள்.

"உரியுதா?"

மேல் துணியே இன்னும் முழுசாக விலகவில்லை.

அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. காற்றுப் படுக்கை அடியில் ஓயாமல் முனகிக்கொண்டிருந்தது. தலையை இந்தப் பக்கம் திருப்பினால் சுவர். அந்தப் பக்கம் திருப்பினால் கணவர். கொஞ்ச நாளாக இரண்டும் வாயைத் திறப்பதில்லை.

நர்சிங் கல்லூரியில் முதலாண்டு மாணவிகளுக்கு உடற்கூறியல் எடுப்பவள் அவள். அவர்கள் வைத்த பெயர் எலும்பு மேடம். அந்தப் பெயர் அவளுக்குத் தெரியும் என்பதுதான் அவர்களுக்குத் தெரியாது.

செயல்முறை வகுப்பில் ஸ்பிரிட் விளக்கு கவிழ்ந்தது. பக்கத்தில் நின்ற பெண்களைத் தள்ளிவிட்டவள், தான் விலக மறந்துபோனாள். மார்பு, வயிறு, இரண்டு தொடைகள், முதுகில் பாதி. நினைவு திரும்பியபோது அறுவைச் சிகிச்சையே முடிந்திருந்தது.

எடுத்து ஒட்டும் அளவுக்கு அவள் உடம்பில் நல்ல தோல் மிச்சமில்லை என்றார் டாக்டர். தோல் வங்கியிலிருந்து வாங்கி மூடியிருக்கிறார்களாம்.

தோல் வங்கி என்றால் என்னவென்று யாரும் அவளுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. இறந்தவர்கள் கொடுத்துவிட்டுப் போன தோல். தற்காலிகப் போர்வை. உடம்பு அதை இரண்டு வாரம், மிஞ்சினால் மூன்று வாரம் பொறுத்துக்கொள்ளும். பிறகு ஓரம் கறுக்கும், உரியும், உதிரும். மறுபடி கத்தி, மறுபடி மயக்க மருந்து.

வருஷா வருஷம் அவள் கரும்பலகையில் ஒரு செல்லை வரைந்துதான் பாடத்தைத் தொடங்குவாள். செல்கள் சேர்ந்து திசு, திசுக்கள் சேர்ந்து தோல். ஒவ்வொரு செல்லும் தான் யார் வீட்டுப் பிள்ளை என்று நெற்றியில் எழுதி ஒட்டிக்கொண்டு நிற்கிறது என்பாள். வேற்றாள் என்று தெரிந்தால் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிடும், உடம்புக்கு முகதாட்சண்யமே கிடையாது என்பாள்.

அந்தத் தள்ளலுக்காகத்தான் காத்துக் கிடந்தாள்.

மூன்றாவது வாரம் போய்விட்டது. நான்காவதும் பாதி கரைந்துவிட்டது. ஒவ்வொரு முறை கட்டுப் பிரிக்கும்போதும் மூக்கை விடைத்து மோந்து பார்த்தாள். மருந்து வாடை மட்டும்தான். வருவது வந்து தொலைந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

இந்த நர்ஸ் அவளிடமே படித்தவள். உடற்கூறியலில் ஒரு தடவை கோட்டை விட்டு, மறு தடவை தேறியவள்.

"வங்கித் தோல் எத்தனை நாள் தாங்கும்? சொல்லு பார்ப்போம்."

நர்ஸ் பஞ்சை மருந்தில் முக்கினாள். ரொம்ப நேரம் முக்கினாள்.

"மறந்துட்டேன் மேடம்."

"பொய். அந்த ஒரு கேள்வியிலதான் நீ முழு மார்க்."

கடைசித் துணி விலகியது. அவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். நர்ஸ் "மேடம், கை!" என்று பதறுவதற்குள் தொடையில் விரலை வைத்து அழுத்தி எடுத்தாள்.

அழுத்திய இடம் வெளுத்தது. அப்புறம் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி இளஞ்சிவப்பு ஓடிவந்து நிரம்பியது.

ரத்தம் ஓடுகிறது. அவளுடைய ரத்தம். தோல் வேர் பிடித்துவிட்டது.

இப்படி நடக்காது. நடக்க ஒரே ஒரு வழிதான் உண்டு. வகுப்பு முடிய மணி அடிக்கும் நேரத்தில் போகிறபோக்கில் அதைச் சொல்லி முடிப்பாள். சில வருஷங்களாக அதையும் சொல்வதில்லை.

கணவரைப் பார்த்தாள். அவர் ஜன்னலைப் பார்த்தார்.

சில வருஷங்களுக்கு முன் அம்மா இறந்த அன்று, அவள் ஊரிலிருந்து வந்து சேர்வதற்குள், மூச்சுக் கருவியை எடுத்துவிடச் சொல்லிக் கையெழுத்துப் போட்டிருந்தாள் தங்கை. ஆஸ்பத்திரி வாசலிலேயே தங்கையிடம் அவள் சொல்லிவிட்டாள், "இனிமே உன் முகத்துல முழிக்க மாட்டேன்." அதோடு போன் இல்லை, பேச்சில்லை, நல்லது கெட்டது இல்லை.

மறுநாள் காலையில் பல் துலக்கக் கண்ணாடி முன்னால் போய் நின்றாள். அந்த முகத்தில்தான் விழித்தாள்.

ஒரே செல் இரண்டாகப் பிரிந்து, சில நிமிஷ இடைவெளியில் பிறந்த இரட்டையர். இரண்டு பேர் செல்லின் நெற்றியிலும் ஒரே எழுத்துதான். அன்றிலிருந்து தினமும் அந்த முகத்துக்குத்தான் பவுடர் போட்டாள், பொட்டு வைத்தாள். சண்டை விஷயத்தை யாரும் உடம்புக்குச் சொல்லவில்லை போலிருக்கிறது.

"எந்தத் தொடையில எடுத்தாங்க?"

கணவர் ஜன்னலை விட்டுத் திரும்பினார். "சொல்லக் கூடாதுன்னு உன் தங்கச்சி சத்தியம் வாங்கிட்டா. தெரிஞ்சா நீ பிச்சு எறிஞ்சிடுவேன்னு..."

"கேட்டதுக்குப் பதில்."

"ரெண்டுலயும். முதுகுலயும் கொஞ்சம்."

நர்ஸ் புதுத் துணியைச் சுற்றத் தொடங்கினாள், இல்லாத சுருக்கத்தையெல்லாம் நீவி நீவி.

அவள் கணவரிடம் சொன்னாள், "எடுத்த இடத்துல வெயில் படக் கூடாது. பட்டா கறுத்துப் போயிடும், அப்புறம் போகாது. சொல்லிடுங்க. நான் சொன்னேன்னு சொல்ல வேணாம்."

"சரி. சாயங்காலம் பேசும்போது..."

"சாயங்காலம் வெயிலே போயிடும். இப்பவே சொல்லுங்க."