மோப்பக் குழு

"ஆஹா! ஊட்டிக்கு வந்த மாதிரி இருக்கே!"

பல்லடத்துக்குப் பக்கத்தில், ஆயிரக்கணக்கான கறிக்கோழிகளுக்கு நடுவில் நின்றுகொண்டு, ஆய்வுக் குழுத் தலைவர் மூச்சை ஆழ இழுத்து விட்டார். சென்னையிலிருந்து கூட வந்த உறுப்பினர்கள் இருவரும் அவரைப் பார்த்துவிட்டு, அவசர அவசரமாகத் தாங்களும் இழுத்து விட்டார்கள்.

"நான்தான் சொன்னேனுங்களே சார்," என்றார் பேராசிரியர் சென்னியப்பன். "பாருங்க, தரையெல்லாம் வெள்ளையா இருக்குது. அதான் நம்ம பவுடர். ஒருக்கா தூவிப்போட்டா, கோழி எரு நாத்தம் அப்படியே அமுங்கிப் போயிருமுங்க."

'நம்ம' பவுடராம்! பண்ணைக்காரி அன்புக்கரசி பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். தேங்காய்த்தொட்டியைச் சுட்டுக் கரியாக்கி, வேப்பம் பிண்ணாக்கோடு சேர்த்து அரைத்து அந்தப் பவுடரைக் கண்டுபிடித்தது அவள். ஆனால் அரசாங்கத்தின் ஆராய்ச்சி மானியம் சிறுதொழில்காரர்களுக்குத் தனியாகக் கிடைக்காது, ஒரு பல்கலைக்கழகமும் கூடச் சேர வேண்டும். சென்னியப்பன் சேர்ந்தார். சேர்ந்த கையோடு ஆராய்ச்சிக் கட்டுரையில் அவர் பெயர் முதலில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

இத்தனைக்கும் மனிதர் அதுவரை ஷெட்டுக்குள் கால் வைத்ததே இல்லை. வரும்போதெல்லாம் கேட்டருகே நின்று போட்டோ எடுத்துக்கொள்வார், மூக்கைப் பொத்தியபடி காரில் ஏறிவிடுவார்.

அன்புக்கரசிக்கு அவரை விட்டால் வேறு வழியும் இல்லை. நாற்றமும் ஈயும் தாங்க முடியவில்லை என்று ஊர்க்காரர்கள் பஞ்சாயத்தில் மனு கொடுத்திருந்தார்கள். பவுடர் வேலை செய்கிறது என்று இந்தக் குழு எழுதிக் கொடுத்தால் பண்ணை தப்பும். இல்லாவிட்டால் இரண்டு ஷெட்டுக்கும் பூட்டுத்தான்.

"சார், ஒரு நிமிசமுங்க... இந்த ஷெட்டு வந்துங்க..." என்று அவள் முன்னால் வந்தாள்.

"நீ சித்தெ சும்மா இரு அம்மணி! டெக்னிக்கல் விசயமெல்லாம் நான் பேசிக்கறேன்," என்று பேராசிரியர் குறுக்கே வந்து நின்றுகொண்டார்.

தலைவரின் உதட்டில் ஒரு ஈ வந்து உட்கார்ந்தது. அதை விரட்டிவிட்டு, "துளி நாத்தம் இல்லை. குறிச்சுக்குங்க," என்றார். உறுப்பினர்கள் குறித்துக்கொண்டார்கள்.

கார் டிரைவர் பீர் முகம்மதுவும் வேடிக்கை பார்க்கத் தலையை உள்ளே நீட்டினார். நீட்டிய வேகத்தில் குமட்டிக்கொண்டு வெளியே ஓடிக் காறித் துப்பினார்.

பாவம், அவருக்கு யாரும் விருந்து வைக்கவில்லை. குழுவுக்கு மட்டும் தொண்டாமுத்தூர்ப் பக்கம் ஒரு ரிசார்ட்டில் அறை போட்டு, பள்ளிபாளையம் சிக்கனும் மற்றதும் குறைவில்லாமல் ஓடியிருந்தது. அதையும் பேராசிரியர் ஆராய்ச்சிச் செலவில்தான் எழுதியிருப்பார். தின்ற சோற்றுக்கு நாக்கு விசுவாசமாக இருக்கும், தெரியும். மூக்குமா இருக்கும்? சீ!

கோழி எருவில் புழங்கியே வளர்ந்தவள் அன்புக்கரசி. அவளே இவர்களைப் பார்த்து முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள்.

"அடுத்து, பவுடர் போடாத ஷெட்டையும் பாத்துப்போடலாமுங்க சார். ரெண்டையும் ஒப்பிட்டுப் பாத்தாத்தானுங்களே ஆராய்ச்சி," என்றார் பேராசிரியர். தென்னைகளைத் தாண்டி, தோட்டத்தின் மறு கோடியில் இருந்த இன்னொரு ஷெட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

அங்கே வாசலில் பீர் முகம்மது சம்மணம் போட்டு உட்கார்ந்து, பொட்டலத்தைப் பிரித்து, பரோட்டாவைச் சால்னாவில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தார். அவரைத் தாண்டுவதற்குள்ளேயே பேராசிரியர் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார். அதைப் பார்த்ததும் மற்ற மூவரும் தங்கள் கைக்குட்டைகளை எடுத்தார்கள்.

இங்கே தரை கருகருவென்று இருந்தது. தலைவர் ஒரே ஒரு அடி உள்ளே வைத்தார்.

"அய்யய்யோ! குடலைப் பிடுங்குதே! இதுக்குள்ள மனுஷன் நிக்க முடியுமா?"

ஓர் உறுப்பினர் கம்பி வலையைப் பிடித்துக்கொண்டு 'உவ்வே' என்று ஓங்கரித்தே காட்டினார். இன்னொருவர் அவர் முதுகைத் தடவிக் கொடுத்தார்.

"இதானுங்க சார் வித்தியாசம்!" பேராசிரியருக்கு முகமெல்லாம் பல். "நம்ம பவுடரு இல்லாட்டி இந்தக் கதிதானுங்க."

"போதும், போதும். பவுடருக்குச் சர்டிபிகேட் இன்னைக்கே தந்துடறேன்," என்றார் தலைவர், கைக்குட்டைக்குள்ளிருந்தே. "ஆனா இந்த ஷெட்டை ஒரு நாள்கூட விட்டு வைக்கக் கூடாது. ஊர் எப்படித் தாங்கும்? பஞ்சாயத்துக்கு நானே பேசி, இப்பவே இழுத்து மூடச் சொல்றேன்."

சொன்னதோடு நிற்காமல் செல்போனையும் எடுத்தார்.

அன்புக்கரசி பேராசிரியரை ஒதுக்கிக்கொண்டு உள்ளே போனாள். கோழிகளுக்கு நடுவில் நின்று, நெஞ்சு நிறைய ஒரு மூச்சு இழுத்தாள். குனிந்து, தரையில் கிடந்த கரித்தூளை ஒரு கை அள்ளி, தலைவரின் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"அங்க நீங்க பாத்தது வெறும் சுண்ணாம்புங்க சார். பவுடரு போட்டது இந்த ஷெட்டுக்குத்தானுங்க!"