விசில் விழுந்த நிறுத்தம்

போன வாரம் போட்ட ஒரு சண்டைக்குப் பிறகு ஓட்டுநர் அருளப்பனுக்கும் நடத்துநர் சுடலைமணிக்கும் இடையே பேச்சு கிடையாது, விசில் மட்டும்தான். ஒன்றுக்குப் பேருந்து நிற்கும், இரண்டுக்குக் கிளம்பும். இன்று ஒரு நிறுத்தத்தில், நெரிசலில், விசில் கைதவறி விழுந்துவிட்டது. சுடலைமணி குனிந்து குனிந்து தேடினான். பயணிகள் "ரைட், ரைட்" என்று கத்தியும் வண்டி அசையவில்லை. அருளப்பன் கண்ணாடியில் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். விசில் முன்சீட்டுப் பெண்ணின் காலடியில் கிடந்தது. அவள் அதைப் பார்த்தாள். சேலையை இழுத்துவிட்டு அதை மறைத்தாள். சுடலைமணி தொண்டையைச் செருமினான்.

"போலாம்ணே."

அப்போதும் வண்டி நகரவில்லை.

"காலைல சாப்ட்டியாடே?" என்றார் அருளப்பன், திரும்பாமலே.

"இன்னும் இல்லண்ணே."

அதன் பிறகுதான் முதல் கியர் விழுந்தது.